ஹாஜியாரின் கருவாட்டு வியாபாரம்

எங்கள் வாப்பா மக்காவுக்குப் போனதே இல்லை. ஆனாலும் சிலாபத்தில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் நஜாத் முதலாளிக்கு அவர் ஹயாத்து முகம்மது ஹாஜியார். மூன்று வருடமாக அந்த ஹாஜியார் நான்தான்.

உயர்தர வகுப்பில் வணிகம் படித்துப் பல்கலைக்கழகத்துக்கும் தெரிவானேன். பெண்பிள்ளையை விடுதியில் விடமுடியாது என்று வாப்பா மறுத்துவிட்டார். சும்மா இருக்க என்னால் முடியவில்லை. பள்ளிவாசல்துறையில் கருவாடு காயவைக்கும் பெண்களிடம் உப்புக் குறைந்ததாகப் பார்த்து வாங்கி, தரம் பிரித்து, பொதி செய்து கடைகளுக்கு அனுப்பத் தொடங்கினேன். அந்நிய ஆண்கள் என் குரலைக் கேட்கக்கூடாது என்பது உம்மாவின் கட்டளை. ஆகவே எல்லாம் வட்ஸ்அப்பில், வாப்பாவின் பெயரில், எழுத்தில் மட்டும். ‘எனக்குக் காது மந்தம், எழுதி அனுப்புங்கள்’ என்று ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டேன். என் சரக்கில் பாதி நஜாத் முதலாளிக்குத்தான் போகிறது. அவர் கைவிட்டால் நானும் அந்தப் பெண்களும் அம்போதான்.

போன வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். கூடவே மகன் ஸஜீத். நான் திரைக்குப் பின்னால் நின்றேன். முன்னால் கதிரையில் வாப்பா. அவருடைய காது மந்தத்தை நம்பிய முதலாளி, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

“ஹாஜியார், ஒங்களப் போல நேர்மையான யாவாரி இந்தப் பக்கத்தில இல்ல! ஒங்கட மகள என்ட மகனுக்குத் தாங்க!”

முதலாளி அதோடு நிற்கவில்லை.

“மகள் தொழில் கிழில் எண்டு ஒண்டும் செய்யிறதில்லதானே? எங்கட வீட்டுல அது சரிவராது!”

வாப்பா உண்மையைச் சொல்வார் என்று காத்திருந்தேன். பாலாவி உப்பளத்தில் வேலை செய்து ஓய்ந்தவர் அவர். ஒரு நாள்கூட என் கருவாட்டைத் தொட்டுப் பார்த்ததில்லை. மெல்லத் தொண்டையைச் செருமினார்.

“அவளுக்கு யாவாரம் ஒண்டும் தெரியா முதலாளி. எல்லாம் நான்தான் பாக்கிற.”

வேறு யாராவது சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும். சொன்னது என் வாப்பா. உம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். எதுவும் காதில் விழாதவர் போலத் தேத்தண்ணீருக்குச் சீனி போட்டுக்கொண்டிருந்தார்.

“ஸஜீத் தங்கமான புள்ள! கடையே அவன்ட பொறுப்பிலதான்!”

அடுத்த அதிர்ச்சி இது. இவனிடம் கடையைக் கொடுத்தால் கடை மிஞ்சாது, ஒரு வழி சொல்லுங்கள் என்று போன நோன்பில் இதே முதலாளிதான் ஹாஜியாருக்கு எழுதியிருந்தார். ஆறுதல் சொல்லிப் பதில் போட்டவள் நான். கடைசியில் அவர் கண்டுபிடித்த வழி என் கழுத்தா!

போனை எடுத்து முதலாளிக்கு எழுதி அனுப்பினேன்.

முதலாளியின் சட்டைப்பையில் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தார். ஹாஜியாரிடமிருந்து செய்தி. எதிரே ஹாஜியார் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்தார்.

‘முதலாளி, மகனை நம்பிக் கடையைக் கொடுக்க முடியாது என்று எனக்கு எழுதியது மறந்துவிட்டதா? இப்போது அவரை என் தலையில் கட்டப் பார்க்கிறீர்கள். சரக்கு வரும், நான் வரமாட்டேன். ஸுஹைரா.’

முதலாளியின் முகம் வெளிறியது. எட்டிப் பார்த்து வாசித்த ஸஜீத் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான்.

“இது யாரு எழுதின, ஹாஜியார்?” இப்போது முதலாளி கத்தவில்லை.

வாப்பாவுக்கு அந்த நேரம் பார்த்து உண்மையாகவே காது கேட்காமல் போய்விட்டது. நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திரையை விலக்கினேன்.

“நான்தான் முதலாளி. மூணு வருஷமா நான்தான்.”

“யா அல்லாஹ்! ஒரு பொம்புளப் புள்ளக்கிட்டயா நான் என்ட வீட்டுக் கதையெல்லாம்...”

அவர் நெற்றியில் வியர்த்துக் கொட்டியது. உம்மா கையில் தட்டத்தோடு அப்படியே நின்றுவிட்டார். நான் கேட்டேன்.

“திங்கக்கிழமைக்குச் சரக்கு வேணுமா, வேணாமா?”

அவர் போனைச் சட்டைப்பையில் வைத்தார்.

“வேணும்” என்றார், வாப்பாவைப் பார்த்து.