துடைத்து வைத்த மெஷின்

மாடி வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லாத சமயம் பார்த்து அவர்கள் குளியலறைக் குழாய் வெடித்தது. தண்ணீர் நேராக என் தையல் அறைக்குள் இறங்கியது. வீட்டில் வேறு எத்தனையோ இடமிருந்தும் அதன் கண்ணில் என் மெஷின்தான் பட்டது. மோட்டார் போயிற்று. ஓரம் அடிக்கும் மெஷினும் போயிற்று. பள்ளிச் சீருடைக்கு வெட்டி அடுக்கியிருந்த துணியெல்லாம் கூரையின் அழுக்குத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடந்தது.

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். அவர் சம்பளம் வாடகையோடு சரி, மற்றதெல்லாம் என் தையலில்தான் ஓட வேண்டும். இன்சூரன்ஸ் கிடைத்தால் புது மெஷின் வாங்கி, பள்ளி திறப்பதற்குள் சீருடைகளைத் தைத்துக் கொடுத்துவிடலாம். கிடைக்காவிட்டால் பள்ளிக்கூடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்.

"நாங்க வந்து பாக்குற வரைக்கும் எதையும் தொடாதீங்க" என்று கம்பெனியில் போனில் படித்துப் படித்துச் சொன்னார்கள். அதையே நான் என் மாமியாரிடம் சொன்னேன். அத்தை தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

துணிக்கடையில் ரசீது நகல் வாங்கக் காலையில் போனவள் மதியம் தாண்டித்தான் திரும்பினேன். அறை பளபளவென்று இருந்தது. மெஷினைத் துடைத்து, எண்ணெய் போட்டு, மேலே பூப்போட்ட துணியை விரித்திருந்தார் அத்தை. சீருடைத் துணிகளைத் துவைத்துத் தேய்த்து மூலையில் அடுக்கியிருந்தார். சுவரில் தண்ணீர் வழிந்த தடத்தின் மேல் காலண்டர் தொங்கியது.

"என்ன அத்தை இது?"

"மூணாவது மனுஷன் வர்றாரும்மா. வீடு அலங்கோலமா கெடந்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு?"

அந்த அலங்கோலத்தைப் பார்க்கத்தானே அவர் வருகிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அழைப்பு மணி அடித்துவிட்டது.

வந்தவருக்கு வயது அதிகமிருக்காது. தோளில் ஒரு பை, கையில் டார்ச். அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எங்கேம்மா சேதம்?"

நான் பதில் சொல்வதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "சேதம்னு பெருசா ஒண்ணும் இல்ல தம்பி. எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. உக்காருங்க, டீ போடுறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் என்ன கேட்டாலும் அத்தையிடம் இதே பாட்டுதான். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு போய் டாக்டரிடமே "நல்லா இருக்கேன்" என்றவர். நோயாளி நான்தானோ என்று டாக்டர் என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

இன்சூரன்ஸ்காரர் மெஷினின் ஸ்விட்சைப் போட்டார். ஒரு சத்தமும் இல்லை.

"கரண்ட் இல்ல தம்பி" என்றார் அத்தை.

தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இன்சூரன்ஸ்காரர் நிமிர்ந்து அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க. சேதம் இல்லன்னு பெரியவங்களே சொல்றாங்க. அப்படித்தான் நான் எழுத முடியும்."

"அத்தை, கொஞ்சம் உள்ள போறீங்களா?" என்றேன். என் குரல் நன்றாக இல்லை, அது எனக்கே தெரிந்தது. அத்தை நகரவில்லை.

"அப்படி எழுதினா என்ன ஆகும் தம்பி?"

"ஒண்ணும் கிடைக்காதும்மா."

"இவளுக்கு மெஷினு?"

"நீங்கதான் வாங்கிக்கணும்."

அத்தை மெஷினிடம் போனார். அதன் மேலிருந்த துணியை இழுத்தெடுத்தார். காலண்டரைக் கழற்றிக் கீழே வைத்தார். சீருடைத் துணி ஒன்றை உருவி விரித்துக் காட்டினார். நடுவில் பழுப்புக் கறை படம் போட்டிருந்தது.

"எத்தனை தடவ துவைச்சாலும் போகல. மோட்டார் செத்துப்போச்சு, கழட்டிப் பாருங்க. தொடச்சதெல்லாம் நான்தான். இவளச் சந்தேகப்படாதீங்க."

"தொடக் கூடாதுன்னு சொல்லியிருந்தோமேம்மா. ஏன் தொடச்சீங்க?"

"வீடு அசிங்கமா இருக்குன்னு..." என்று அவருக்காக நான் ஆரம்பித்தேன். அத்தை கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் இவகிட்டச் சும்மா சொன்னது. வந்த நாள்ல இருந்து இவ கை சும்மா இருந்து நான் பாத்ததில்ல தம்பி. குழாய் வெடிச்சதுல இருந்து, கைய மடியில வச்சுக்கிட்டு இது முன்னாடியே உக்காந்திருக்கா. சாப்பிடக் கூப்பிட்டாலும் வர்றதில்ல. என்னால பாக்க முடியல. தொடச்சு எண்ணெய் போட்டா ஓடிடும்னு நெனச்சேன். ஓடல."

இன்சூரன்ஸ்காரர் கீழே உட்கார்ந்து மோட்டாரைக் கழற்றினார். உள்ளேயிருந்து துருத்தண்ணீர் தரையில் கொட்டியது. "இது போதும்மா" என்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

என் கண் மோட்டாரில் இல்லை. இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு நாளும் சொல்லாததை, யாரோ ஒருவரிடம் சொல்லிவிட்டு, நான் திட்டுவேனோ என்று அத்தை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நகக்கண்ணிலெல்லாம் மெஷின் எண்ணெய்.

"பசிக்குது அத்தை" என்றேன்.