நாறாத சான்றிதழ்

பிஷ்கெக் நகரத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில், டாலி ஆகாத கணக்குகள் 2006 குளிர்காலத் தேர்வு முதல் நாறத் தொடங்கின. பற்றும் வரவும் ஒரு சோம், அந்த ஊர்க் காசு ஒன்று, இடித்தால் போதும், விடைத்தாளிலிருந்து வெயிலில் மறந்துபோன ஆட்டுக்குடலின் வாடை கிளம்பும். தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தினால் நின்றுவிடும். முதலில் எல்லோரும் பக்கத்துத் தோல் ஆலையைத்தான் திட்டினார்கள். ஆலையை மூடிப் பல வருடமாகிவிட்டது என்று அதன் காவலாளி சொன்ன பிறகு, வகுப்பு ஜன்னல்களைத் திறந்துவைத்துப் பாடத்தைத் தொடர்ந்தார்கள்.

இதில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் கணக்கியல் ஆசிரியை ஆயிம்கான். மாணவர்கள் அவரை எஜே, அதாவது அக்கா, என்று கூப்பிட்டாலும் அக்காவுக்குரிய இரக்கமெல்லாம் அவரிடம் கிடையாது. கால்குலேட்டர் கூடாது, ரப்பர் கூடாது. ஒரு மாவு ஆலையின் முழு வருடக் கணக்கையும் கையால் எழுத வேண்டும். கடைசிப் பக்கத்தில் இடித்தால் மறுபடி முதல் பக்கத்திலிருந்து. இனித் தாள் திருத்தவே வேண்டாம், மேசைகளுக்கு நடுவே ஒரு நடை நடந்தால் போதும் என்றாகிவிட்டது. சில வருடம் கழித்து தாலாஸ் பக்கத்துக் கிராமத்திலிருந்து படிக்க வந்த குல்ஜினாவின் தாள் இரண்டு வருடம் விடாமல் நாறியது. குடல் சமைக்கிறாயா என்று கேலி செய்து விடுதித் தோழிகள் அவளைத் தாழ்வாரத்துக்குத் துரத்தினார்கள். ஜனவரிப் பனியில் திறந்த ஜன்னலோரம் கையுறையோடு உட்கார்ந்து தேய்மானம் போட்டாள், சரக்கிருப்பு போட்டாள், அழுதாள், மறுபடி போட்டாள். மூன்றாம் வருடம் வாடை நின்றது. அதன் பிறகு அவள் கைபட்ட எந்தக் கணக்கும் நாறவில்லை.

மற்றவர்கள் சுலபமான வழியைக் கண்டுபிடித்தார்கள். இதை எழுதும்போதே எனக்குக் குமட்டுகிறது. பட்டத்தேர்வன்று தேர்வுக் குழுவுக்கு வகுப்பே சேர்ந்து ஓர் ஆடு அடித்து விருந்து வைப்பது பழைய வழக்கம். இப்போது ஓர் ஆடு போய் மந்தையே வந்தது. குழுவினர் மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு, ஒரு கையில் கொழுப்பு வழியும் இறைச்சியும் மறு கையில் பேனாவுமாக, நாறும் தாள்களுக்கு ஐந்துக்கு ஐந்து போட்டார்கள். ஆயிம்கான் கையெழுத்துப் போட மறுத்தார். மூக்கு உள்ளவர்கள் வெளியே போகலாம் என்றார் துறைத்தலைவர், வாயைத் துடைக்காமலே. நாற்றம் தாளிலிருந்து சான்றிதழுக்குத் தாவி, சான்றிதழோடு வங்கிகளுக்கும் கம்பெனிகளுக்கும் வேலைக்குப் போனது. நகரமும் பழகிக்கொண்டது. வேலைக்கு எடுப்பவர்கள் சான்றிதழை வாங்கியதும் முகர்வார்கள். கண்ணில் நீர் வந்தால் அசல்.

குல்ஜினாவின் சிவப்பு அட்டைச் சான்றிதழ் நாறவில்லை. ஒரு வங்கியில் திருப்பித் தந்தார்கள். இன்னொன்றில் போலீஸைக் கூப்பிடவா என்று கேட்டார்கள். அடுத்துப் போன மாவு ஆலையின் மேலாளர் நல்ல மனிதர். இரண்டு முறை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஒரு வாசமும் இல்லியேம்மா, எந்தக் கடையில அச்சடிச்ச?" என்றார். வெள்ளிக்கிழமைக்குள் அசலைக் கொண்டுவந்தால் வேலை, இல்லையென்றால் வேறு ஆள். பீன்ஸ் வயலை விற்று அவளைப் படிக்கவைத்த அப்பா, வேலை கிடைத்ததா என்று தினமும் போனில் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் ஆயிம்கானின் வீட்டுக்குப் போனாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெள்ளைத்தாளை நீட்டினார். "உக்காரு. ஒரு தப்புக் கணக்கு போடு. நாறும்ல, அதுல சான்றிதழைச் சுத்தி எடுத்துட்டுப் போ."

குல்ஜினா பற்றில் ஒரு பொய்த்தொகையை எழுதினாள். அவள் கை தானாகவே வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் எழுதி டாலி ஆக்கிவிட்டது. வேறு தாள் எடுத்தாள். மறுபடி அனாமத்து. சாயங்காலம் வரை எழுதியும் அறையில் ஒரு வாடையும் இல்லை.

"வரமாட்டேங்குது, எஜே."

"வராது. வந்துருந்தா நான் என்ன பாடம் நடத்துனேன்?"

ஆயிம்கான் பேனாவை வாங்கினார். முப்பது வருடமாகக் கணக்கு இடிக்காத கை ஒரேயொரு பொய்க் கூட்டலை எழுதியது. அந்த வீட்டில் அதுவரை யாரும் முகராத நாற்றம் எழுந்தது. மாடிப்படியில் போன பக்கத்து வீட்டுக்காரர் வாந்தி எடுத்தார். ஆயிம்கானும் ஓடிப்போய் வாந்தி எடுத்தார், வாயைக் கொப்பளித்தார், திரும்பி வந்து சான்றிதழை அந்தத் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மேலாளர் முகர்ந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், திங்கட்கிழமை வரச் சொன்னார். குல்ஜினா இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். ஆலைக் கணக்கு இடிப்பதே இல்லை. அதை யாரும் கவனித்ததும் இல்லை. ஆயிம்கானின் வலது கை நாற்றம் மட்டும் எந்தச் சோப்புக்கும் போகவில்லை. அந்தப் பொய்க் கூட்டலை எழுதிய மறுநாள் அவர் துறைக்குள் நுழைந்ததும் துறைத்தலைவர் மூக்கை உறிஞ்சினார். முகம் மலர்ந்து எழுந்து வந்து, அந்தக் கையை இரண்டு கைகளாலும் பற்றிக் குலுக்கி, தன் பக்கத்தில் நாற்காலி போடச் சொல்லித் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். ஆயிம்கான் அதை இடது கையால் வாங்கிக் குடித்தார்.