அலுமாரி மேல் டாங்கி

ஜனார்த்தன் வீட்டில் சாமிப்படத்துக்குக்கூட அவ்வளவு வெளிச்சம் கிடையாது. ஷோகேசுக்குள் தட்டுக்குத் தட்டு விளக்குப் போட்டிருந்தான். ஒவ்வொரு தட்டிலும் ஒரு சாண் நீளத்தில் பிளாஸ்டிக் டாங்கிகள், குழாயை ஒரே பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றன. சங்கிலியில் சேறு, இரும்பில் துரு, புகைபோக்கியில் கரி என்று எல்லாம் தூரிகையால் வைத்தது. கிட்டப் போய்ப் பார்த்தாலும் பொய் என்று சொல்ல முடியாது.

கோபிசனுக்கு அந்த ஷோகேசைக் கண்டாலே வயிறு எரியும்.

இருவரும் சகலன்மார். ஜனார்த்தன் மூத்தவள் தர்மிகாவைக் கட்டியவன், கோபிசன் இளையவள் கிருசிகாவை. ஜனார்த்தன் இந்த நாட்டிலேயே பிறந்தவன், சிவப்புக் கடவுச்சீட்டுக்காரன். எல்லா இளந்தாரிகளையும்போல அவனையும் ராணுவப் பயிற்சிக்குக் கூப்பிட்டபோது டூன் முகாமில் டாங்கிப் படையில் போட்டார்கள். அங்கே ஓட்டிய டாங்கியின் பிளாஸ்டிக் மாதிரியைத்தான் முதலில் ஒட்டினான். பிறகு விடவில்லை. இப்போது சோலோதுர்னில் காப்புறுதி அலுவலகத்தில் வேலை. கை பஞ்சுபோல இருக்கும். கோபிசன் வன்னியில் கடைசிச் சண்டைக்குள் கிடந்து தப்பி வந்தவன். சூரிச்சுக்குப் பக்கத்தில் டீட்டிகோனில் ஒரு லாகரில், சாமான் கிடங்கில், பெட்டி ஏற்றி இறக்குகிறான். மட்டைப்பெட்டி கையில் உள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். பனிக்காலம் வந்தால் விரல் நுனியெல்லாம் வெடிப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜனார்த்தன் வீட்டுச் சாப்பாட்டுக்கு வேறு ஆட்களும் வந்திருந்தார்கள். பாலசிங்கம் என்ற பெரியவர் ஷோகேசுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"தம்பி ஜனா, உது ஓடேக்க உள்ளுக்கு இருக்கேலாத சூடாமே?"

"சூட்டை விடுங்கோ அங்கிள், சத்தம்தான் பெரிசு. காதுக்கு மூடி போடாட்டி பக்கத்தில இருக்கிறவன் கத்திறதும் கேளாது."

"அடேயப்பா. எங்கட பெடியன் ஒருத்தன் டாங்கிக்குள்ள இருந்திருக்கிறான் பாருங்கோவன்."

கோபிசன் சோற்றுக் கோப்பையோடு மூலையில் நின்றான். டாங்கி வரும்போது நிலம் எப்படி அதிரும் என்று அவனிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான். ஆனால் கேட்காமல் விட்டது வேறு விஷயம்.

அதற்குமேல் கிருசிகா வேறு வாயைத் திறந்தாள். "அத்தான்ர கை ஊசிக்கு நூல் கோக்கிற கை. இவரிட்ட ஒரு ஆணி குடுத்துப் பாருங்கோ, ஆணி நிக்கும், சுவர் விழும்."

எல்லோரும் சிரித்தார்கள். கோபிசனும் சிரித்தான். சோற்றுக் கோப்பையைக் குசினியில் கொண்டுபோய் வைத்தான்.

வீட்டுக்குத் திரும்பும்போது ரயிலில் சொன்னான். "நானும் ஒண்டு செய்யப்போறன்."

"என்னத்தை?"

"டாங்கி."

"முதல்ல குசினித் தட்டு ராக்கையைச் சுவரில பூட்டுங்கோ. வாங்கின நாள் தொட்டுச் சுவரோட சாய்ஞ்சு கிடக்கு."

அவள் பகிடியாகத்தான் சொன்னாள். அது அவனுக்குப் பகிடியாகப் படவில்லை. தன் மனைவி தன் கையைப் பார்த்து ஒருதரமாவது 'அடேயப்பா' என்று சொல்ல வேண்டும், அதுவும் அந்த அத்தான் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்ல வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சூரிச்சில் நல்ல கடை இருக்கிறது. ஆனால் அங்கே ஜனார்த்தன் வாடிக்கை. அதனால் கோபிசன் சனிக்கிழமை காலை பீலுக்குப் போனான். மணிக்கூடு செய்கிற ஊர், சின்னச் சாமான் ஒட்டுகிறவர்களுக்குக் கடை இல்லாமலா போகும். ரயில் சோலோதுர்னில் நின்றபோது, ஜனார்த்தன் ஏறிவிடுவானோ என்று கைபேசிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் வணக்கம் சொன்னார். சுவர் முழுக்கப் பெட்டி. கோபிசன் பெட்டிகளின் பக்கத்தில் இருந்த எண்களைப் பார்த்தான். சிலவற்றில் முப்பத்தைந்து, சிலவற்றில் எழுபத்திரண்டு. எழுபத்திரண்டுதான் பெரிது என்று நினைத்து ஒன்றை இழுத்தால் சவர்க்காரப் பெட்டி அளவுக்கு வந்தது.

"அது எத்தனை மடங்கு சின்னது என்கிற கணக்கு. எண் கூடக்கூட டாங்கி சிறுக்கும்" என்றார் கடைக்காரர். "ஆன்ஃபெங்கரா?"

தொடக்கக்காரனா என்று கேட்கிறார். இந்த நாட்டில் வந்திறங்கிய நாளிலிருந்து கோபிசனைத் துரத்துகிற சொல் அது. பாஷை வகுப்பில் ஆன்ஃபெங்கர், லாகரில் ஆன்ஃபெங்கர். காசு கொடுத்துச் சாமான் வாங்க வந்த இடத்திலும் அதுவா?

"எனக்கில்லை. மகனுக்கு" என்றான். அவனுக்குப் பிள்ளையே இல்லை.

"எத்தனை வயது?"

"எட்டு."

கடைக்காரர் சந்தோஷமாகக் கீழ்த்தட்டில் குனிந்து ஒரு சிறிய பெட்டியை எடுத்தார். "இது நல்லது. துண்டுகள் குறைவு. சங்கிலி ஒரே பட்டியாக வரும், மாட்டினால் சரி. பசை, பெயின்ற், தூரிகை எல்லாம் உள்ளேயே இருக்கிறது. பெரிய பெட்டிகளில் இதொன்றும் வராது, தனித்தனியாக வாங்க வேண்டும். முதலாவதை முடித்துப் பார்க்கிறதுதான் முக்கியம். முடிக்காதவன் இரண்டாவது வாங்க மாட்டான்."

நல்ல புத்திதான். ஆனால் கோபிசன் அந்தப் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தான். காற்றுப்போலக் கிடந்தது. லாகரில் அவனுக்குத் தெரிந்த ஒரே அளவு அதுதான்: கனமாக இருந்தால் உள்ளே சாமான் இருக்கிறது, கனமில்லை என்றால் ஆரோ ஏமாற்றியிருக்கிறான். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேல்தட்டுப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கத் தொடங்கினான். படத்தைப் பார்க்கவில்லை, எழுத்தை வாசிக்கவில்லை. பூசணிக்காய் வாங்குகிறவன்போலத் தூக்கி, ஆட்டி, வைத்தான். கடைக்காரர் இப்படி ஒரு வாடிக்கையாளரைக் கண்டிருக்க மாட்டார்.

ஒன்று மட்டும் கையை இழுத்தது. படத்தில், கவிழ்த்த சட்டிபோல உருண்டைத் தலையோடு ஒரு பச்சை டாங்கி. அவன் படத்தைச் சும்மா ஒரு பார்வை பார்த்தான்.

"இது தாங்கோ."

"ஐயா, இதற்கு உள்பக்கமும் உண்டு. எஞ்சின், குண்டு, இருக்கை எல்லாம். சங்கிலி கண்ணி கண்ணியாக. எட்டு வயதுக்கு..."

"அவன் கெட்டிக்காரன்."

வீட்டில் பெட்டியைத் திறந்தபோதுதான் கனத்தின் அர்த்தம் விளங்கியது. சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக். ஒவ்வொரு சட்டத்திலும் அரிசியளவு, கடுகளவு துண்டுகள் காய்த்துத் தொங்கின. விளக்கப் புத்தகம் கல்யாண அல்பம்போலத் தடிப்பு. பசை இல்லை, பெயின்ற் இல்லை. அதைத்தான் அந்த மனுசன் சொன்னார், இவன் காதில் விழவில்லை. குசினி லாச்சிக்குள் கிடந்த செருப்பு ஒட்டும் பசையை எடுத்தான். நகவெட்டியால் துண்டுகளைக் கழற்றினான். ஒரு சக்கரச் சில்லு முறிந்தது. ஒன்று விரல் வெடிப்புக்குள் ஒட்டிக்கொண்டு, தோலோடு வந்தது. சங்கிலிக் கண்ணிகள் மேசைக்குக் கீழே சிந்தி, தூசி உறிஞ்சுகிற மெசினுக்குள் போய்ச் சடசடத்தன.

இரண்டு கிழமையாகக் கிருசிகா ஒன்றும் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. மூன்றாம் சனிக்கிழமை மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஜனார்த்தன், கையில் ஒரு சின்னக் கருவிப்பெட்டியோடு.

"கிருசி போன் பண்ணினவள். எந்தப் பசை நல்லதெண்டு கேட்டாள். சரி, நேரிலயே வருவம் எண்டு."

கோபிசன் கிருசிகாவைப் பார்த்தான். அவள் தேத்தண்ணி போடப் போய்விட்டாள். புருஷன் கைக்கு வைத்தியம் பார்க்க அத்தானைக் கூப்பிட்டிருக்கிறாள். அடுத்தவனோடு ஓடிப்போயிருந்தாலும் இவ்வளவு எரிந்திருக்காது என்று அந்த நிமிஷத்தில் அவனுக்குத் தோன்றியது.

ஜனார்த்தன் மேசைக்குக் கிட்ட வந்தான். பெட்டியைக் கண்டதும் நின்றுவிட்டான்.

"உதை எங்க எடுத்தனீங்கள்?"

"பீல்ல. ஏன்?"

"உது இப்ப செய்து விக்கிறேல்ல. நான் ரெண்டு வருஷமாத் தேடுறன். டி-55, உள்பக்கத்தோட." விரலால் படத்தைத் தொட்டான். "இஞ்ச பாருங்கோ, முதல் சில்லுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவில இடைவெளி இருக்கல்லோ, அதுதான் அடையாளம். சிலோன் ஆமியும் இதைத்தான் வச்சிருந்தவங்கள். வன்னிக்குள்ள வந்ததும் இதுதான்."

கோபிசன் அப்போதுதான் படத்தை ஒழுங்காகப் பார்த்தான். சில்லுகள். இடைவெளி. கன்னத்தை மண்ணோடு அழுத்திக்கொண்டு, பங்கர்க் குழியின் வாய்வழியாக ஒரு கண்ணால் கண்டது இந்தச் சில்லுகளைத்தான். தலைக்குப் பக்கத்தால் போன டாங்கிக்கும் பேர் சொல்லித்தர இவன்தான் வேண்டியிருக்கிறது. அது அன்றைக்கு வந்த எரிச்சல் எல்லாவற்றிலும் பெரிய எரிச்சலாக இருந்தது.

ஜனார்த்தன் கதிரையில் இருந்து, குரலைத் தாழ்த்தினான். "அண்ணை, நீங்கள் உண்மையா நேரில கண்டனீங்களோ?"

சகலன்மாருக்குள் வயதில் கோபிசன்தான் இளையவன். ஜனார்த்தன் அவனை ஒருநாளும் அண்ணை என்று கூப்பிட்டதில்லை.

"ஓம்."

"கிட்டவோ?"

"இந்தா, அந்தச் சோபாத் தூரம்."

ஜனார்த்தனுடைய முகம் மாறியது. கோபிசனுக்கு அந்த முகம் நல்லாகத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் ஷோகேஸ் கண்ணாடியில் அவன் பார்க்கிற முகம். இவ்வளவு நாளும் அது கோபிசனின் சொந்த முகமாக இருந்தது.

"நான் பயிற்சியில ஓட்டினதோட சரி. ஒருநாளும் ஒண்டுக்கும்..." ஜனார்த்தன் முடிக்கவில்லை. "ஒரு வேலை செய்வம். நான் ஒட்டித் தாறன். முறிஞ்ச சில்லுக்கும் வழியிருக்கு. நீங்கள் நிறத்தை மட்டும் சொல்லுங்கோ. சேறு எவ்வளவு உயரத்துக்கு, பச்சை எந்தப் பச்சை, அதெல்லாம் ஒரு புத்தகத்திலயும் இல்லை. செய்து என்ர ஷோகேஸில நடுத்தட்டில வைப்பம். உங்கட பேரும் போடுவம்."

கிருசிகா தேத்தண்ணியோடு வாசலில் நின்றாள்.

"நிறமோ?" என்றான் கோபிசன். "நிறம் பாக்க ஆர் தலையைத் தூக்கினது?"

 அவன் சட்டங்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கினான், லாகரில் அடுக்குவதுபோல, ஒரு மூலையும் வீணாகாமல். மூடியை வைத்து அழுத்தினான். படுக்கையறை அலுமாரிக்கு மேல் தூக்கி வைத்துவிட்டு வந்து, "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றான்.

அடுத்த சனிக்கிழமை பீல் கடைக்காரர் அவனை அடையாளம் கண்டுகொண்டார். "எப்படி, மகன் முடித்துவிட்டானா?"

"அவன் விட்டிட்டான். எனக்கு அந்தச் சின்னப் பெட்டியைத் தாங்கோ. எட்டு வயதுக்காரன்ர."

அதை முடித்தான். தலை கொஞ்சம் சரிவு, பெயின்ற் ஒரு பக்கம் தடிப்பு. கிருசிகா 'அடேயப்பா' சொல்லவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓடினால் இடப்பக்கம்தான் இழுக்கும்" என்று சொல்லி, குசினி ராக்கையில் மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தாள். ராக்கையை அவன் அந்தக் கிழமைதான் பூட்டியிருந்தான். சுவர் விழவில்லை.

ஜனார்த்தன் இப்போது அடிக்கடி வருகிறான். குசினி டாங்கியை அவன் கண்டதாகவே காட்டிக்கொள்வதில்லை. கைகழுவப் போகிற சாட்டில் படுக்கையறை வாசலில் நின்று அலுமாரிக்கு மேலே அண்ணாந்து பார்ப்பான்.

"அது... தொடங்கேல்லையோ இன்னும்?"

"இல்லை. அவசரமில்லை, ஆறுதலாச் செய்வம்."

"விக்கிற எண்ணமிருந்தால்..."

"சீச்சீ."

அவன் போனபிறகு கோபிசன் கதிரையில் ஏறிப் பெட்டியின் தூசியைத் துடைப்பான். கிருசிகா ஒருநாள் கீழே நின்று கேட்டாள். "நீங்கள் அதை ஒருநாளும் செய்யப்போறேல்ல, என்ன?"

"இல்லை."

"அப்ப அத்தானுக்குக் குடுக்கலாந்தானே. பாவம், ஆசைப்படுறார்."

"அதுக்குத்தான் வச்சிருக்கிறன்" என்று சொல்லிவிட்டு, பெட்டியை வாசலிலிருந்து பார்த்தால் படம் தெரிகிற மாதிரி கொஞ்சம் திருப்பி வைத்தான்.