காற்று போகும் பக்கம்

காரின் பின்சீட்டில் சர்வரைக் கிடத்தி, இரண்டு பக்கமும் தலையணையை அணைகொடுத்து, சீட் பெல்ட்டையும் மாட்டிவிட்ட பிறகுதான் அக்கா முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒரு நாளாவது பெல்ட் போட்டுவிட்டிருக்கியா?" என்றான் தம்பி.

"நீ விழுந்தா எழுந்துக்குவ. வண்டிய எடு."

பள்ளிப் பேருந்து இப்போது எங்கே வருகிறது என்று பெற்றோரின் கைப்பேசியில் காட்டுவது அவர்கள் தொழில். நிரல் எழுதுவது அக்கா. பள்ளிகளோடு பேசுவதும் திட்டு வாங்குவதும் தம்பி. எல்லாம் ஓடியது வீட்டில் இருந்த இந்த ஒரே கணினிப் பெட்டியில், இந்தச் சர்வரில். போன மாதம், பள்ளி விடுகிற நேரமாகப் பார்த்துத் தெருவில் மின்சாரம் போனது. பேட்டரியும் கைவிட்டது. கைப்பேசிகளில் பேருந்துகளெல்லாம் நின்ற இடத்திலேயே நின்றன. சாலையில் அவை ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தன. அதை எந்தத் தாயிடம் சொல்ல முடியும்? அன்று திட்டு வாங்கியே தம்பியின் காது பழுத்துவிட்டது. இன்னொரு முறை இப்படி நடந்தால் விலகிக்கொள்வோம் என்று இருப்பதிலேயே பெரிய பள்ளி சொல்லிவிட்டது. அது போனால் தொழிலே போனது. விடுமுறை முடிவதற்குள் சர்வர் வீட்டைவிட்டுக் கிளம்பியாக வேண்டும்.

எப்படி என்பதில்தான் சண்டை. பலருடைய சர்வர்களை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் டேட்டா சென்டர்க்காரர்கள் இரண்டு வழி சொன்னார்கள். அவர்களுடைய சர்வர் ஒன்றை முழுதாக வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். கெட்டுப்போனால் அவர்களே மாற்றித் தருவார்கள். இல்லையென்றால் சொந்தப் பெட்டியைக் கொண்டுபோய் அங்கே வைக்கலாம். இடம், மின்சாரம், குளிர்காற்று, காவல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பெட்டி பழுதானால் மட்டும் நாம்தான் ஓட வேண்டும்.

"அவன் மெஷின், அவன் தலைவலி. நிம்மதியா தூங்கலாம்க்கா."

"நீ தூங்கு. நான் ஓடறேன்."

துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்து அவளே பூட்டிய பெட்டி அது. உள்ளே எது எப்போது முனகும் என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் அதற்கு 'மூத்த பிள்ளை' என்று பேர். தம்பிக்கு எல்லாம் வெறும் வீம்பாகத் தெரிந்தது. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: முதலில் பெட்டியைக் கொண்டுபோவது; அங்கே ஏதாவது இடறினால் மறுபேச்சில்லாமல் வாடகை.

இடறியது. டேட்டா சென்டரின் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஆளுயர இரும்பு அலமாரிகள் வரிசை வரிசையாக இரைந்துகொண்டிருந்தன. வரிசைகளுக்கு நடுவே ஒரு சந்தில் குளிர், அடுத்த சந்தில் அனல். எல்லா இயந்திரமும் குளிர்ப்பக்கம் மூச்சை இழுத்து அனல்பக்கம் விட வேண்டும். டெக்னீஷியன், கதவுக்கு இந்தப் பக்கம் இருந்த சோதனை மேசையில் அக்காவின் பெட்டியை ஓடவிட்டு, அதன் முன்னால் உள்ளங்கையை வைத்தார். முகத்தைச் சுளித்தார்.

"மேடம், இது நம்ம மூஞ்சில மூச்சு விடுது. இப்படியே உள்ள வச்சா எதிர் வரிசையே வெந்துடும். எடுத்துக்க மாட்டோம்."

தம்பி கைப்பேசியை எடுத்தான். வாடகை ஒப்பந்தம் தயாராக இருந்தது. சம்மதம் என்று ஒரு தட்டு தட்டினால் முடிந்தது. ஜெயித்த குஷி வரும் என்று நினைத்திருந்தான். வரவில்லை.

"இவ்வளவு தெரிஞ்ச நீ போய் ஃபேன எப்படிக்கா திருப்பி மாட்டின?"

அக்கா கைப்பையில் ஸ்க்ரூடிரைவரைத் துழாவிக்கொண்டே சொன்னாள்.

"மொதல்ல சரியாத்தான்டா மாட்டினேன். பெட்டிக்குப் பின்னால உன் கட்டில். அனலடிக்குது, தூங்க முடியலன்னு நீதானே கத்தின?"

கால் முறிந்து அவன் படுத்திருந்த கோடை அது. கத்திய மறுநாள் அனல் நின்றுவிட்டது. எப்படி நின்றது என்று அவன் கேட்கவில்லை. பெட்டிக்கு முன்னால் அவள் மேசை. அதற்குப் பிறகு இத்தனை காலமும் முழங்காலில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு அவள் வேலை செய்ததைத் தினமும் பார்த்திருக்கிறான். கிறுக்கு என்று கேலிகூடச் செய்திருக்கிறான்.

அக்கா மூடியைக் கழற்றினாள். ஒவ்வொரு விசிறியாக எடுத்துத் திருப்பி உட்காரவைத்தாள். அவசரமே இல்லை. முதுகுப்பக்கம் கட்டியிருந்த வயர்களை அவிழ்த்து, பழையபடியே வகிடெடுத்த மாதிரி கட்டினாள். தம்பி திருகாணிகளை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு நின்றான். கைப்பேசி எப்போது சட்டைப்பைக்குப் போனது என்று அவனுக்கே தெரியாது.

"எங்க அக்கா செஞ்சது," என்றான் டெக்னீஷியனைப் பார்த்து.

"நான் ஒண்ணும் கேக்கலையே சார்."

"கேக்கல. நான்தான் சொல்றேன்."

டெக்னீஷியன் பெட்டியை மறுபடி ஓடவிட்டு, முன்னால் கையை வைத்துப் பார்த்தார். கதவைத் திறந்துவிட்டார்.

பெட்டி அலமாரிக்குள் ஏறியது. குளிர்ச்சந்தில் அக்கா நின்றாள். தம்பி சுற்றிக்கொண்டு அனல்பக்கம் போனான். அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் தங்கள் பெட்டியின் முதுகை அவனால் கண்டுபிடிக்க முடிந்தது: வகிடெடுத்த வயர்கள்.

"வருதாடா?" அந்தப் பக்கத்திலிருந்து அக்கா கத்தினாள்.

கையை வைத்தான். சூடாக, சீராக வந்தது.

"டேய், வருதா?"

அவன் முகத்தை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனான்.