தோளுக்குப் பின்னால் எறிந்தவை

“எதுக்கு மனாங் அதைத் தூக்கிப் போட்டீங்க?”

சேற்றைச் சோதிக்க வந்த ஆர்லீன் கேட்டது பாசிங்குக்குப் புரியவில்லை. எனக்கும்தான். நாங்கள் இரண்டு கிழவிகளும் முழங்கால் சேற்றில் நின்று ஒரே சல்லடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தோம். எங்களை அவள் மனாங், அதாவது அக்கா என்பாள்; அவளை நாங்கள் இன்டாய், மகளே என்போம்.

“எதைப் போட்டேன்?”

“இப்பதான். தோளுக்குப் பின்னால, சின்னதா என்னமோ.”

“அதுவா? சிப்பிக் குஞ்சு, இன்டாய். நகத்தளவுகூட இல்ல. அதைப் போய் யாராவது எடுப்பாங்களா?”

எங்கள் கரையில் சிப்பி பொறுக்கும் பெண்கள் யாரும் எடுக்க மாட்டார்கள். கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னதாகக் கையில் பட்டால் அது தானாகவே தோளுக்குப் பின்னால் சேற்றுக்குத் திரும்பிப் போய்விடும். வாய் பாதிரியாரின் சமையல்காரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். கை அது பாட்டுக்கு எறிந்துகொண்டிருக்கும். சல்லடையில் தங்குவது புழுவானாலும் நத்தையானாலும், ஒன்று விடாமல் குப்பிக்குள் போட வேண்டும் என்று ஆர்லீன் முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தாள். பாசிங்கும் தலையாட்டினாள். தலைதான் ஆடியது. கைக்கு யார் சொன்னார்கள்?

இது முன்பு இறால் பண்ணை. சுற்றிலும் வரப்பு, காவலுக்கு ஆள், அவனுக்கு ஒரு நாய். இறாலுக்கு நோய் வந்து முதலாளி விட்டுவிட்டுப் போன பிறகு, ஆர்லீனின் ஆட்கள் அரசாங்கத்திடம் கேட்டு வாங்கி, வரப்பை உடைத்துக் கடலை உள்ளே விட்டார்கள். கண்டல் மரக்கன்றுகளை நாங்கள்தான் நட்டோம். மேலே பச்சை வந்துவிட்டது. ஆனால் மண் பிழைத்ததா என்பதை மரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதாம், அடியில் என்ன பிறக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். ஒவ்வொரு தடவை சலித்தபோதும் சில கிழட்டு நத்தைகள் மட்டும்தான் கிடைத்தன. குஞ்சு ஒன்றுகூட இல்லை. இந்தத் தடவையும் இல்லையென்றால் இடம் முதலாளிக்கே திரும்பிவிடும், வரப்பு மறுபடி ஏறிவிடும். வெளிக்கரையைத் துறைமுகத்துக்காகத் தோண்டிவிட்டார்கள். பாசிங்குக்குக் கால் வைத்துப் பொறுக்க மிச்சம் இருந்தது இந்தச் சேறுதான்.

“ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் போட்டீங்களா?” ஆர்லீன் சேற்றை மிதித்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

“போட்டிருப்பேன்.”

திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ சேற்றுக் கையோடு பாசிங்கைக் கட்டிக்கொண்டாள். “அப்ப குஞ்சு இருக்கு மனாங்! நாமதான் பாக்கல.”

“இவ்வளவும் என்னாலயா?”

“உங்களாலதான். நல்லவேளை, உங்களாலதான்!”

“பாசிங் உருப்படியா பண்ணுன ஒரே காரியம் இந்தத் தப்புதான்” என்றேன்.

“நீ பேசாத லூமிங். உன் கை மட்டும் யோக்கியமா?”

“நான் சல்லடை ஆட்டுறவ. பொறுக்குறவ நீ.”

நீர் ஏறுவதற்குள் எல்லா இடத்திலும் மறுபடி சேறு எடுத்துவிட வேண்டும் என்றாள் ஆர்லீன். பாசிங் தலைத்துணியை அவிழ்த்து வலது மணிக்கட்டில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள், கைக்கு ஞாபகம் இருக்கட்டும் என்று. மண் எடுக்கும் குழாயை அழுத்தி, சேற்றை உருவி, சலித்தோம். குஞ்சுகள் வந்தன. அரிசி போல, பருப்பு போல. ஒவ்வொன்றுக்கும் பாசிங் சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினாள். “இதோ! இன்னொண்ணு!”

ஆர்லீன் ஒன்றை இடுக்கியால் பிளந்தாள். உள்ளே கறுப்புச் சேறு. அடுத்ததைப் பிளந்தாள். அதற்கடுத்ததையும். பிறகு பிளக்காமல் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, ஒவ்வொன்றாகக் குப்பியில் போட்டாள்.

“என்ன இன்டாய்?”

“எல்லாம் வெறும் ஓடு, மனாங். கடல் கொண்டுவந்து விடுது. மண்ணுல இறங்குன உடனே செத்துப்போகுது. நத்தையைக் கொல்ல அந்தக் காலத்துல பண்ணையில மருந்து கொட்டினாங்கல்ல, அது இன்னும் அடியில இருக்கு போல.”

“எப்பப் போகும்?”

“தெரியல.”

“அப்ப என் தப்பு இல்லையா?”

“இல்ல மனாங்.”

உன் மேல் தப்பில்லை என்று கேட்டு முகம் இருண்டுபோன ஒருத்தியை நான் அன்றுதான் பார்த்தேன். பாசிங் குரலைத் தாழ்த்திக்கொண்டு, சந்தையில் பேரம் பேசுவது போலக் கேட்டாள்.

“என் தப்புன்னே எழுதிடேன், இன்டாய். கிழவி எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டா, கணக்கு செல்லாதுன்னு எழுது. இன்னொரு வருஷம் குடுக்க மாட்டாங்களா?”

“குடுக்கலாம்.”

“அப்புறம் என்ன?”

“அடுத்த வருஷம் எதை எடுத்துக் காட்டுறது, மனாங்?”

ஆர்லீன் குப்பிகளை மூடித் திருகிக்கொண்டிருந்தாள். ஒன்றின் மூடி சரியாக உட்காராமல் திரும்பத் திரும்பத் திருகினாள்.

உடைந்த வரப்பின் வழியாக நீர் வர ஆரம்பித்தது. பாசிங் குழாயை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் இன்னொரு இடத்தில் அழுத்தினாள். உருவிய சேற்றைச் சல்லடைக்குக் கொண்டுவரவில்லை, அப்படியே பக்கத்தில் கொட்டிவிட்டு மண்டியிட்டாள். பிறகு அந்தக் குழிக்குள் கையை விட்டாள். முழங்கை போயிற்று, தோள்வரை போயிற்று. கன்னம் சேற்றில் பதிந்தது. கண்ணை மூடிக்கொண்டு, மாட்டுக்குப் பேறு பார்ப்பவளைப் போல உள்ளே தடவிக்கொண்டிருந்தாள்.

“பாசிங், தண்ணி வந்துருச்சு. எந்திரி.”

நீர் அவள் காதைத் தொட்டது. சேற்றுக்குள் விரல்கள் அசைவது அவள் தோளில் தெரிந்துகொண்டே இருந்தது.