எட்டாம் வகுப்பில் நின்றுவிட்ட குரல்

1933ஆம் ஆண்டு தை மாதத்தில் வலந்தீன் சுவாமி மட்டக்களப்பிலிருந்து மாற்றலாகிப் போனபோது தகரப் பெட்டி, கறுப்புக் குடை, மூக்குப்பொடி டப்பா, பிரான்சிலிருந்து கொண்டுவந்த கம்பளிப் போர்வை எல்லாவற்றையும் ரயிலில் ஏற்றிக்கொண்டார். குரல் மட்டும் ஏறவில்லை. அது புளியந்தீவில் வாவியைப் பார்த்து நிற்கும் அர்ச். இரபாயேல் உயர்தரப் பாடசாலையின் எட்டாம் வகுப்பிலேயே, கரும்பலகைக்கும் ஜன்னலுக்கும் நடுவில், நெட்டையான ஒரு மனிதரின் வாய் இருக்கும் உயரத்தில் நின்றுவிட்டது. மறுநாள் காலை மணி அடித்ததும் அது "எழும்புங்க, செபம்" என்றது. பிள்ளைகள் எழும்பிச் செபித்தார்கள். பிறகு அது ஒரு தேற்றத்தைத் தொடங்கி, வழக்கம்போல நடுவில் தும்மி, நிறுவி முடித்தது. எதிரே அங்கியும் இல்லை, அங்கிக்குள் ஆளும் இல்லை என்பதை முதல் வாங்குப் பலகையில் இருந்தவர்கள் கவனித்தது இடைவேளைக்குப் பிறகுதான்.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருடம் மாரி பிந்தியிருந்தது, நெல் விலை இறங்கியிருந்தது, பேசுவதற்கு அவை இருந்தன. வருடக்கணக்காக ஒரே அறையில் ஓயாமல் பேசியவரின் பேச்சு கொஞ்சம் சுவரில் ஊறிப்போயிருக்கும் என்று சந்தையில் ஒரு விளக்கம் சொன்னார்கள். கண்டிப் பக்கத்துக் குருமடம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்த சுவாமி, சாப்பாட்டுச் செபம் சொல்ல வாயைத் திறந்தபோது காற்று மட்டுமே வந்தது என்ற செய்தி பிறகு ரயிலில் வந்தது. அப்படியென்றால் ஊறியது கொஞ்சமல்ல, முழுவதும்தான் என்று விளக்கத்தைத் திருத்திக்கொண்டார்கள். மலைக்குளிர் தொண்டையைப் பிடித்திருக்கும், கொத்தமல்லி குடித்தால் சரியாகும் என்று சுவாமிமாரும் இருந்துவிட்டார்கள்.

பிரெஞ்சுச் சுவாமிமார் அந்தப் பாடசாலையைத் தொடங்கியது ஆத்துமங்களை மீட்பதற்காக. ஆனால் வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் நெற்றியில் திருநீறோடும் தலையில் தொப்பியோடும் வந்தார்கள். அவர்களின் தகப்பன்மார் கேட்டதெல்லாம் ஆங்கிலமும் கேத்திரகணிதமும்தான். சுவாமிமார் கேட்டதைக் கொடுத்துவிட்டு மற்றதை ஆண்டவரிடம் விட்டார்கள். விடுதியில் எல்லோரும் ஒரே மீன்குழம்பைச் சாப்பிட்டார்கள், ஒரே தோணியிலிருந்து வாவியில் குதித்தார்கள், காவல் தூதரான இரபாயேல் சம்மனசின் திருநாளன்று காத்தான்குடி முஸ்லிம் பிள்ளைகள்தான் கொடிமரத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். இப்படி ஒரு பாடசாலைக்கு ஆளில்லாத குரல் பெரிய சங்கடமில்லை. சங்கடப்பட்டவர் அதிபர் சுவாமி ஒருவரே. குரலுக்குப் பிரம்பு பிடிக்க ஏலாது, வரவு இடாப்பில் அடையாளம் போட ஏலாது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கரும்பலகையில் ஒரு கோடு கீற ஏலாது. ஆகவே கண்ணுக்குத் தெரிகிற ஒருவரை அவர் எட்டாம் வகுப்புக்கு நியமித்தார். அவர்தான் ஹெக்டர் நல்லரத்தினம்.

ஹெக்டர் தாண்டவன்வெளிக்காரன், இருபத்துநாலு வயது, ஆசிரிய கலாசாலையில் கணிதத்தில் முதலாவதாக வந்தவன். ஆனால் சிறு வயதில் வந்த தொண்டைநோய் ஒன்று உயிரை விட்டுவிட்டுச் சத்தத்தைப் பெரும்பாலும் கொண்டுபோயிருந்தது. அவன் பேசுவது மூன்றாம் வாங்குக்குப் போய்ச் சேர்வதற்குள் களைத்துவிடும். முதல் நாள் அவன் வகுப்புக்குள் போய் முக்கோணம் ஒன்றைக் கீறி, "இந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுவம்" என்று தொடங்கினான். "எந்தப் பக்கத்த?" என்று காதருகில் வலந்தீன் சுவாமியின் குரல் கேட்டது. பிறகு அதுவே பதிலையும் சொல்லி, தேற்றத்தை முடித்து, வீட்டுவேலையும் கொடுத்துவிட்டது. கடைசி வாங்குவரை எல்லோரும் குரலைக் கேட்டு எழுதினார்கள். ஹெக்டர் கையில் வெண்கட்டியுடன், கலியாணத்துக்கு வந்து மாப்பிள்ளை யாரென்று தெரியாமல் நிற்கிறவனைப் போல நின்றான். இது இரண்டு கிழமை நடந்தது. பெரிதாகப் பேசிப் பார்த்தான், இருமல் வந்தது. குரலோடு போட்டியாக மேசையில் தட்டிப் பார்த்தான், பிள்ளைகள் சுவாமிக்குக் கோபம் வந்துவிட்டதென்று அடங்கி இருந்தார்கள்.

ஒரு பின்னேரம் பாடசாலை கலைந்த பிறகு அவன் பொருட்களை எடுத்துக்கொண்டு, அதிபரிடம் போய் விலகிக்கொள்வதாகச் சொல்லலாம் என்று எழும்பினான். வெறும் அறையிடம் விடைபெறுவது மரியாதையாகப் பட்டதால், "நான் போறன் சுவாமி" என்றான்.

"ஏன் போற?" என்றது குரல்.

"எனக்கு இஞ்ச வேலை இல்லையே. நான் பேசுறது ஒருத்தருக்கும் கேக்குதில்ல."

"எனக்கு நல்லாக் கேட்டிச்சி. பிழை ஒண்டும் இல்ல." கொஞ்ச நேரம் தும்மல் சத்தம். "நான் சொல்லுற முக்கோணத்தப் பொடியன்மார் எல்லாரும் ஒவ்வொரு மாதிரிக் கீறுறானுகள். முந்தநாள் ஒருத்தன் கீறினதுக்கு நாலு மூலை எண்டு சிரிச்சானுகள். எனக்குக் கை இல்ல மாஸ்டர். நீ கீறு, நான் சொல்லுறன். நான் பிழையாச் சொன்னா நீ பலகையில தட்டு."

அடுத்த நாளிலிருந்து அப்படியே நடந்தது. ஹெக்டர் கீறினான், குரல் சொன்னது. குரல் வேகமாகப் போனால் ஹெக்டர் தட்டினான். குரல் நின்று, "மாஸ்டர் சொல்லுறது சரி" என்று திருத்திக்கொண்டது. வருட முடிவில் வந்த பரிசோதகர் அந்த வகுப்பில் அரை நாள் இருந்துவிட்டு, இப்படித் தெளிவான கேத்திரகணிதத்தை இந்த மாகாணத்தில் பார்த்ததில்லை என்றார். எத்தனை ஆசிரியர்கள் என்று எழுதுவதில்தான் அவருக்குக் குழப்பம் வந்தது. ஒருவர் என்று எழுதிவிட்டு, வாசலில் நின்று இரண்டு பக்கமும் வணக்கம் சொல்லிப் போனார்.

ஹெக்டர் சந்தோஷமாக இருந்தான் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பின்னேரங்களில் பிள்ளைகள் பந்தடிக்கப் போன பிறகு அவன் ஜன்னலோரம் இருந்து குரலோடு கதைத்துக்கொண்டிருப்பான். அப்படித்தான் மார்கிறட்டைப் பற்றியும் சொல்லிவிட்டான். மார்கிறட் கன்னியர் மடத்துப் பாடசாலையில் சங்கீதம் படிப்பித்தாள், ஞாயிறுகளில் கோவிலில் ஆர்மோனியம் வாசித்தாள். அவளிடம் அவன் இதுவரை சொன்னது "தோத்திரம்" என்ற வணக்கம் ஒன்றுதான், அதுவும் அவளுக்குக் கேட்டதா என்று தெரியாது. திருநாள் பாட்டுப் பழக்குவதற்காக மார்கிறட் எட்டாம் வகுப்புக்கு வந்த அன்று, பிள்ளைகள் பாடி முடித்ததும் குரல் தெளிவாகச் சொன்னது: "மார்கிறட், இந்த மாஸ்டர் உன்னக் கட்ட விரும்புறார். கேக்க வெட்கப்படுறார்." பிள்ளைகள் கைதட்டினார்கள். ஹெக்டர் பலகையில் தட்டினான். "பிழையாச் சொன்னனா?" என்று குரல் கேட்டது. அவன் வெண்கட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான், மறுபடி தட்டவில்லை. மார்கிறட் ஆர்மோனியத்தின் துருத்தியை மெதுவாக மூடி, "மாஸ்டர் வீட்டுக்கு வந்து அம்மாவோட கதைக்கட்டும்" என்றாள்.

அவளுடைய தாய் செசீலியா வேலை நிரந்தரமானதும் கலியாணம் என்றாள். அதிபர் சுவாமி பாஸ்கு எனும் உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகு நிரந்தரம் என்றார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆதம்பாவா கண்டிக்குப் போய் வரும்வரை.

ஆதம்பாவா காத்தான்குடியில் கைத்தறியில் நெய்த லுங்கிச் சாரம் விற்கிறவர், விடுதிக்கு அரிசியும் அவர்தான் கொடுப்பார், அவர் மகன் பாறூக் எட்டாம் வகுப்பில் படித்தான். மலைநாட்டுக்குச் சாரம் கொண்டுபோனவர், பழகிய மனிதராச்சே என்று வலந்தீன் சுவாமியையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் அரிசி மூட்டைகளை இறக்காமலே எட்டாம் வகுப்பு வாசலுக்கு வந்தார். அப்போது பாட்டுப் பழக்க மார்கிறட்டும் அங்கே இருந்தாள்.

"மாஸ்டர், அங்க சாமி நல்லா இல்ல," என்றார். "சாப்பிடுறார், நடக்குறார், என்னக் கண்டு சிரிச்சார். ஆனா மத்தச் சாமிமார் கோயிலுக்க போகக்குள்ள இவர் வெளிய வாசல்ல நிக்கார். பூசை வைக்க வாய் வேணுமாமே. உங்கட பூசையப் பத்தி எனக்குத் தெரியா. தொழ ஏலாமப்போன மனிசன்ட முகம் எப்பிடியிருக்கும் எண்டு எனக்குத் தெரியும்."

ஆதம்பாவா போன பிறகு மார்கிறட் ஹெக்டரிடம் கேட்டாள்: "இது உங்களுக்கு முதல்லயே தெரியுமா?"

"சாமிக்கு மலைக்குளிர் தொண்டையப் பிடிச்சிட்டுது எண்டுதான் நினைச்சன்."

"இப்ப தெரியும்தானே. ஒரு சாமி பூசை வைக்க ஏலாம வாசல்ல நிக்கக்குள்ள, அவர்ட குரல இஞ்ச வச்சிக்கிட்டு நாம தாலி கட்டுறதா?"

"குரல் போனா என்ட வேலையும் போகும், மார்கிறட்."

"ஓம். போகும்," என்றாள் அவள். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

ஹெக்டர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அதிபர் சுவாமியிடம் போய், குரலை உரியவரிடம் அனுப்பிவிட வேண்டும் என்றான். மூன்று முறை சொல்லத்தான் அவருக்குக் கேட்டது. அவர் சபையின் பெரிய சுவாமிக்குத் தந்தி அடித்தார்.

பெரிய சுவாமி தாடியும் கோபமும் உள்ளவர். ரயிலால் இறங்கி நேரே எட்டாம் வகுப்புக்கு வந்து, கீழ்ப்படிதல் வார்த்தைப்பாட்டை மறந்தாயா என்று வெறும் காற்றிடம் கேட்டார். குரல் பணிவாகத்தான் பதில் சொன்னது. வார்த்தைப்பாட்டைச் சொன்னது தான்தான் என்றும், ஆனால் மாற்றல் கடிதத்தில் போகச் சொல்லியிருந்தது ஆளை என்றும், ஆள் போய்விட்டார் என்றும் அது விளக்கியது. "அந்தக் கடதாசியில என்னப் பத்தி ஒண்டும் இல்ல சுவாமி," என்றது. பெரிய சுவாமி கடிதத்தின் நகலை வரவழைத்துப் பார்த்தார். இல்லைதான். ஆகவே, குரல் போகாவிட்டால் ஆள் வந்து கூட்டிப்போகட்டும் என்று முடிவானது.

பாஸ்கு விடுமுறைக்கு வலந்தீன் சுவாமி வந்து இறங்கினார். மெலிந்திருந்தார். விடுமுறை என்றும் பாராமல் பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஜன்னல்களில் தாய் தகப்பன்மார், வாசலில் ஆதம்பாவா. சுவாமி வகுப்புக்குள் வந்து கரும்பலகைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்று, தலையைக் கொஞ்சம் உயர்த்தி, வாயைத் திறந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். வாவியில் ஒரு தோணி போகும் துடுப்புச் சத்தம் கேட்டது. பிறகு அவர் தோளுக்கு ஒரு முழம் தள்ளி, "எப்பிடி இருக்கீங்க?" என்று அவர் குரலே அவரைக் கேட்டது. சுவாமி சிரித்தார். வாயை மூடிக்கொண்டார். திரும்பவும் திறந்தபோதும் குரல் உள்ளே போகவில்லை, "ஏலாம இரிக்கு, குறை நினைக்காதீங்க" என்று மட்டும் சொன்னது.

பெரிய சுவாமி கதிரையில் இருந்துவிட்டார். ஹெக்டர்தான் ஆசிரிய மேசையில் இருந்த வெண்கட்டிப் பெட்டியையும் புத்தகங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தான், பலகை துடைக்கும் துணியால் மேசையைத் துடைத்தான், பிறகு பெரிய சுவாமியின் அருகில் போய், மிக அருகில் போய்ச் சொன்னான்: "சுவாமி, நானும் அதுவும் இப்பிடித்தான் படிப்பிக்கிறம். கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். பூசையும் அப்பிடி வைக்க ஏலாதா?"

பெரிய சுவாமி நெடுநேரம் தாடியைத் தடவினார். குரு ஒருவர்தான், இரண்டு இடத்தில் நிற்கிறார், அவ்வளவுதான் என்று கடைசியில் தீர்ப்புச் சொன்னார். கோவிலிலிருந்து வெள்ளை விரிப்பும் பாத்திரமும் வந்தன. வலந்தீன் சுவாமியின் கைகள் உயர்ந்தன; குரல் லத்தீன் வாக்கியங்களை, அவசரமில்லாமல், தும்மாமல், ஒவ்வொன்றாகச் சொன்னது. சுவாமியின் கன்னத்தால் கண்ணீர் இறங்கி அங்கியில் விழுந்தது. மார்கிறட் ஆர்மோனியத்தைத் தொடவில்லை. வாசலில் ஆதம்பாவா தலையைக் குனிந்து நின்றார்.

சுகவீனம் காரணமாக வலந்தீன் சுவாமி மட்டக்களப்புக்கே திருப்பி மாற்றப்பட்டார். அப்படியானால் எட்டாம் வகுப்பை அவரே எடுப்பாரோ, ஹெக்டரின் வேலை போய்விடுமோ என்று செசீலியா பயந்தது நடக்கவில்லை. சுவாமி வெண்கட்டியை எடுத்து, இவ்வளவு காலம் பேசியது போதும், இனிக் கேட்கிறேன் என்று பலகையில் எழுதினார். அவருடைய பாவசங்கீர்த்தனக் கூண்டை எட்டாம் வகுப்புச் சுவரோடு சேர்த்து வெளியே வைத்தார்கள். சுவாமி உள்ளே இருந்து பாவங்களைக் கேட்பார், முடிந்ததும் சுவரில் தட்டுவார், குரல் தேற்றத்தை நடுவில் நிறுத்திப் பாவமன்னிப்பைச் சொல்லிவிட்டுத் தொடரும். கேட்டவருக்குப் பேச்சில்லை, பேசிய குரலுக்கு என்ன பாவம் என்றே தெரியாது. இவ்வளவு பத்திரமான ஏற்பாடு வேறெங்கும் இல்லையென்று தூர ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் தோணியேறி வந்தார்கள். கோவிலுக்கே போகாத சிலர் சும்மா வந்து மனதிலிருப்பதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். சுவாமி எல்லோருக்கும் தட்டினார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முக்கோணங்களோடு லத்தீனையும் கொஞ்சம் படித்துக்கொண்டார்கள்.

ஹெக்டருக்கும் மார்கிறட்டுக்கும் அந்த வருடம் ஆவணியில் கலியாணம் நடந்தது. விருந்துக்கு அரிசியும் ஆடும் ஆதம்பாவா அனுப்பினார். ஒரு பெண்ணும் இரண்டு ஆணும் பிறந்தார்கள், மூவருக்கும் நல்ல உரத்த குரல். யுத்தம் வந்தது, மண்ணெண்ணெய் தட்டுப்பட்டது, பாறூக் காத்தான்குடியில் ஒரு பாடசாலைக்குத் ஆசிரியராகப் போனான். 1943இல், மழைக்காலம் முடிந்த ஒரு மத்தியானம், வலந்தீன் சுவாமி கூண்டுக்குள் இருந்தபடியே யாரோ சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது இறந்துபோனார். சுவரில் தட்டு வரவில்லை. சொல்லிக்கொண்டிருந்த மனிதன் காத்திருந்துவிட்டுத்தான் எழும்பினான்.

அடக்கத்துக்கு அடுத்த காலை ஹெக்டர் வகுப்புக்குள் போனபோது கரும்பலகைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒன்றும் கேட்கவில்லை. அவன் காத்திருந்தான். பிள்ளைகளும் காத்திருந்தார்கள். கடைசியில் அவனே வட்டம் ஒன்றைக் கீறி, தன் சின்னக் குரலில் பாடத்தைத் தொடங்கினான். பாதி வழியில் கடைசி வாங்கிலிருந்து ஒரு தும்மல் கேட்டது.

"மாஸ்டர், எனக்கு விளங்கல்ல," என்றது குரல். "இன்னொருக்காச் சொல்லுங்க."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஹெக்டர் வட்டத்தை அழித்துவிட்டு, ஆரம்பத்திலிருந்து, கடைசி வாங்குக்குப் போய்ச் சேரும்படி நிதானமாகச் சொன்னான். குரல் அதற்குப் பிறகு அங்கேதான் இருந்தது. புதிதாக வந்த பிள்ளைகள் அதை ஃபெயிலான ஒரு பெரிய மாணவன் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளியிருந்து இடம் கொடுத்தார்கள். அது நிறையக் கேள்வி கேட்டது, நல்ல கேள்விகள்தான். என்றாலும் வருட முடிவுகளில் ஒருவரும் அதை ஒன்பதாம் வகுப்புக்கு ஏற்றவில்லை.