குத்தூசி சொல்லாத குறை

குழந்தைவேலு என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். ரங்கூனில் ஒருவரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கெமண்டைன் ஆற்றோரத்து அரிசிக் கிட்டங்கியில் வந்து 'குத்தூசி எங்கே?' என்று கேட்டால்தான் என் பக்கம் கை காட்டுவார்கள். குழாய் மாதிரி இருக்கும் குத்தூசியை மூட்டையில் செருகி உருவினால் உள்ளங்கையில் ஒரு பிடி அரிசி விழும். அதைப் பார்த்து இது நொய், இது ஈரம், இது வண்டு என்று குறை சொல்வதுதான் என் உத்தியோகம். ஜன்னல் இல்லாத தகரக் கொட்டகையில், பதினெட்டு வருஷமாகத் தவிட்டுத் தூசியைத் தின்றுகொண்டு குறை சொல்லியிருக்கிறேன். குறை இல்லையென்றால் வாயைத் திறக்க மாட்டேன். மூட்டை போகலாம் என்று அதற்கு அர்த்தம்.

அதே பழக்கத்தைப் பெஞ்சுக்கும் கொண்டுபோனேன். அங்கேதான் வந்தது வினை.

பெஞ்சு என்றால் கூடைப்பந்துப் பெஞ்சு. பட்டணத்து மிஷன் காலேஜில் ஓர் அமெரிக்கத் துரை இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்து ஒரு டீம் கட்டியிருந்தார். அந்த டீமின் மேல் பைத்தியம் பிடித்துத் திரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்: நான், டிராம் கண்டக்டர் தங்கவேலு, படகுத்துறையில் சோடாக்கடை வைத்திருந்த காஜா மைதீன் பாய். காலேஜ் வாசலை ஒரு நாளும் படிப்புக்காக மிதித்ததில்லை. ஆனால் அந்த டீம் தோற்றால் எங்கள் மூன்று வீட்டிலும் அன்றைக்குச் சோறு இறங்காது.

வருஷத்துக்கு ஒரு பையனுக்குக் காலேஜில் இலவச இடம் உண்டு. நன்றாகப் பந்தாடுகிற ஏழைப் பையனாக இருக்க வேண்டும். படிப்புச் சம்பளமும் கட்ட வேண்டாம், ஹாஸ்டல் சாப்பாட்டுக்குக் காசும் வேண்டாம். துரைக்கோ எல்லாப் பள்ளிக்கூட ஆட்டத்துக்கும் போக நேரம் கிடையாது. நாங்கள் ஒன்று விடாமல் போவோம். ஒரு தடவை விளையாட்டாக எங்களிடம் யோசனை கேட்டார்; நாங்கள் சொன்ன பையன் கொடிகட்டிப் பறந்தான். மறு வருஷமும் அப்படியே. அதற்குப் பிறகு, நவம்பரில் பள்ளிக்கூடங்களின் கடைசி ஆட்டம் முடிந்ததும் நாங்கள் ஒரே ஒரு பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. எத்தனை பந்து விழுந்தது என்று பாய் கணக்கு வைப்பார். இங்கிலீஷ் தெரிந்த தங்கவேலு எழுதுவான். குறை சொல்வது என் வேலை. ஒரு பையனைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லவில்லையென்றால், 'குத்தூசியே வாயை மூடிக்கிச்சுப்பா, பையன் சொக்கத்தங்கம்' என்பார் பாய்.

மூன்றாம் வருஷம் தங்கவேலு தன் மச்சினனைப் பற்றி ஓயாமல் அளக்க ஆரம்பித்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இந்தா தங்கவேலு! இனிமே இந்தப் பெஞ்சுல எவனும் தன் சொந்தத்தைப் பத்திப் புகழ்ந்து ஒரு வார்த்தை பேசப்படாது. குறை வேணும்னா சொல்லிக்க. சத்தியம் பண்ணு!" என்று கத்தி, மூன்று பேரையும் பந்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்ய வைத்தேன். மச்சினனுக்கு இடம் கிடைக்கவில்லை. இன்றைக்கும் அவன் டிராம் கொட்டகையில் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறான். தங்கவேலு அதைப் பற்றி அப்புறம் பேசினதே இல்லை. பேசாதவனைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

அப்போது என் மகன் வடிவேலுக்குப் பதினைந்து வயது. அவன் பந்தைத் தொட்டதே இல்லை. இப்படி ஒருநாள் வரும் என்று நான் கண்டேனா?

தொட்டானே, தொட்டபின் விடவில்லை. இரண்டு வருஷத்தில் கெமண்டைன் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அவன்தான் எல்லாம். 1926 நவம்பரில், கடைசி ஆட்டத்தன்று காலையில், என் மனைவி சொர்ணம்மாள் காப்பியை என் முன்னால் நக்கென்று வைத்தாள்.

"கிட்டங்கி மேனேஜர் ஆள் விட்டிருந்தாரு. திங்கக்கிழமையிலேருந்து பையனை வேலைக்கு வரச் சொல்றாரு. அந்தத் தூசிக்குள்ள."

"தெரியும்."

"ராத்திரி பூரா நீங்க இருமுறதைக் கேட்டுக்கிட்டுத்தானே படுத்திருக்கேன். இன்னொரு இருமலையும் கேக்கச் சொல்றீங்களா? ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் பேர் எழுதிக் குடுக்கிறீங்க. பெத்த பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போயிடும்?"

"சத்தியம் பண்ணியிருக்கேன்டி."

"யாரு பண்ணச் சொன்னது?"

காப்பியை எடுத்துக் குடித்தேன். கசந்தது.

ஆட்டம் பள்ளிக்கூட முற்றத்தில் நடந்தது. எங்கள் பெஞ்சு சுவரை ஒட்டிப் போட்டிருந்தது. வலப்பக்கம் பாய், இடப்பக்கம் தங்கவேலு, நடுவில் நான். முன்னால் கூட்டம். எழுந்து போகவேண்டுமென்றாலும் வழி இல்லை. பக்கத்து அலோன் பேட்டைப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்த மவுங் தெயின்தான் வடிவேலுக்குச் சரியான போட்டி. நெடுநெடுவென்று வளர்ந்த பர்மாக்காரப் பையன். இந்த இரண்டு பேரில் ஒருவனுக்குத்தான் அந்த இடம் என்பது முற்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு பந்து விழுந்த பிறகும் நடுவில் கொண்டுவந்து மறுபடி மேலே எறிவார்கள். மேலே போன பந்தை ஒவ்வொரு தடவையும் தெயின்தான் தட்டினான். கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆனால் எனக்கு அவனிடம் ஏதோ ஒன்று உறுத்தியது. வலது பக்கத்திலிருந்து பந்து வந்தால் இயல்பாக வாங்கினான். இடது பக்கத்திலிருந்து வந்தால் மட்டும் தலையை முழுக்கத் திருப்பினான். அப்போதுதான் வடிவேல் அவனுடைய இடப்பக்கமாய்ப் புகுந்து போய்ப் பந்தைப் போட்டான். மறுபடியும் இடப்பக்கம். மூன்றாவது தடவையும் இடப்பக்கம். தெயின் அசையவே இல்லை. பக்கத்தில் ஆள் போவது தெரிந்தால்தானே அசைவான்!

எனக்குப் பளிச்சென்று விளங்கியது. பையனுக்கு இடது கண் தெரியாது. என் மகன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். என்னையறியாமல் தலையை ஆட்டினேன். வடிவேல் திரும்பி ஓடும்போது பெஞ்சைப் பார்த்துவிட்டு ஓடினான்.

"அதிர்ஷ்டம்ப்பா உன் மகனுக்கு, எங்க பூந்தாலும் வழி இருக்கு" என்றார் பாய். தங்கவேலு என் முகத்தைப் பார்த்தான்.

ஆட்டம் முடிந்தது. வடிவேல் எட்டு பந்து, தெயின் ஒன்பது பந்து. பாய் ஐஸ் தொட்டியில் சோடா கொண்டுவந்து பெஞ்சுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். பையன்கள் அதைச் சுற்றி நின்றார்கள். பாய் தெயினின் இடது புறமிருந்து ஒரு பாட்டிலை நீட்டியபோது அவன் சும்மா நின்றான். பாட்டில் கையில் பட்டதும் திடுக்கிட்டுத் திரும்பி, சிரித்து, இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டான். பாயின் கண்ணில் அது படவில்லை. நான் பார்த்தேன். மூன்று முழம் தள்ளி நின்ற வடிவேலும் பார்த்தான்.

தங்கவேலு சீட்டை முழங்கால் மேல் வைத்து, பென்சிலை எச்சில் தொட்டுக்கொண்டான். அரை நாழிகையில் துரையின் ஆள் வந்துவிடுவான்.

"சொல்லுங்கண்ணே. தெயின்கிட்ட என்ன குறை?"

ஒரே ஒரு வார்த்தை. 'கண்' என்றால் போதும். பொய்யும் இல்லை, சத்தியத்தை மீறினதாகவும் ஆகாது. அவனுடைய குறையைச் சொன்னால் என் மகனைப் புகழ்ந்ததாகாதே! மகன் கிட்டங்கிக்குப் போக வேண்டாம். சொர்ணம்மாள் சிரிப்பாள்.

ஆனால் தங்கவேலு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். 'என் மச்சினனை நசுக்கினாயே, இப்போது உன் மகனுக்கு வழிவிட அடுத்தவன் பிள்ளையைக் குருடன் என்கிறாயா' என்று அந்தப் பார்வை கேட்டதாக எனக்குப் பட்டது. அந்தப் பர்மாக்காரப் பையன் மேல் இரக்கப்பட்டு வாயை மூடினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அது பச்சைப் பொய். என் மானம் போய்விடும் என்று பயந்தேன். அவ்வளவுதான்.

நான் பேசவில்லை.

"ஒண்ணும் சொல்லலையே! அப்ப தெயின் சொக்கத்தங்கமா?" என்று பாய் தாடியைச் சொறிந்தார். "ஒன்பது பந்து போட்டான், சரி. ஆனா வடிவேல் அவனைத் தாண்டித் தாண்டிப் போனானே. எனக்கென்னமோ நம்ம பையன் பேர்தான் மனசுல நிக்குது. என்ன தங்கவேலு?"

தங்கவேலு முழங்கால் மேலிருந்த சீட்டைப் பார்த்தான்.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்தால், மகனைப் பற்றி நான் குறை சொல்லாததே புகழ்ச்சி ஆகிவிடுமே என்று அந்த நிமிஷத்தில் புத்தி போனது. எங்கள் பெஞ்சில் என் மௌனத்துக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியாதா? தங்கவேலு அதையே பிடித்துக்கொள்வான் என்று நினைத்தேன். என் நாக்கில் சனி உட்கார்ந்தது.

"நம்ம பையனாவது! பாய், அவன் எவனுக்கும் பந்து குடுக்க மாட்டான். தானே போடணும்னு பறப்பான். ரெண்டாவது பாதியில மூச்சு வாங்குது, பாத்தீங்கல்ல? கோவக்காரன் வேற. நாலு பேரோட சேந்து ஆடத் தெரியாதவனுக்குக் காலேஜ் டீம் எதுக்கு?"

"அண்ணே, போதும்ணே" என்றான் தங்கவேலு.

"என்ன போதும்? குறை சொல்றது என் வேலை. மகனா இருந்தா என்ன, மூட்டையா இருந்தா என்ன? காலு கனம். திரும்பறதுக்குள்ள பொழுது விடிஞ்சிடும்."

சோடாத் தொட்டிப் பக்கம் சத்தம் நின்றுபோயிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். வடிவேல் குடிக்காத பாட்டிலைத் தொட்டியில் திரும்ப வைத்துவிட்டு, சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தங்கவேலு சீட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினான். அதில் வடிவேல் என்று ஏற்கனவே எழுதியிருந்தது. ஆட்டம் முடியும் முன்பே எழுதியிருக்கிறான், பாவி!

"என் மச்சினன் விஷயத்துல நீங்க சொன்னது நியாயம்தாண்ணே. அவனுக்கு ஆட வராது. உங்க பையன் அப்படி இல்ல. நீங்க சத்தியத்துக்குக் கட்டுப்பட்டுச் சும்மா இருப்பீங்க, நாங்களே எழுதிக் குடுத்துடலாம்னு இருந்தேன். இப்ப குத்தூசியே இவ்வளவு குறை சொன்ன பையனைத் துரைகிட்ட எப்படிண்ணே குடுக்கிறது?"

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். தெயினின் கண்ணைச் சொல்லியிருக்கலாம். இதுவரை சொன்னதெல்லாம் வீம்புக்கு உளறினது என்று ஒப்புக்கொண்டிருக்கலாம். தங்கவேலு அந்தப் பெயரை அடித்துவிட்டுக் கீழே மவுங் தெயின் என்று எழுதினான். துரையின் ஆள் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

திங்கட்கிழமை வடிவேல் என்னோடு கிட்டங்கிக்கு வந்தான். மேனேஜர் புதுக் குத்தூசி ஒன்று கொடுத்தார். அவன் செருகி, உருவி, உள்ளங்கையை நீட்டுவான். நான் பார்த்துச் சொல்வேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு கை தூரத்தில்தான் இரண்டு பேரும் நிற்போம். அரிசியைப் பற்றி என்ன கேட்டாலும் பதில் சொல்வான். வேறு பேச்சே கிடையாது. வீட்டில் சொர்ணம்மாள் சோற்றைப் போட்டுவிட்டு அப்பால் போய்விடுவாள். கொட்டகையிலும் அடைப்பு, வீட்டிலும் அடைப்பு; எங்கே போய் மூச்சுவிடுவது என்று தெரியாமல் தவித்தேன். தை மாதம் பிறப்பதற்குள் அவனுக்கும் இருமல் வந்துவிட்டது. முதல் தடவை அது கேட்ட ராத்திரி சொர்ணம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமலே விடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

ஜனவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை. காலேஜ் மைதானத்தில் ஆட்டம். மதில் சுவரை ஒட்டிப் போட்ட பெஞ்சில், வழக்கம்போல் பாய்க்கும் தங்கவேலுவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், கூப்பிடாமலேயே வடிவேல் வந்து தங்கவேலுவுக்குப் பக்கத்தில், பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தான். தலைமயிரில் தவிடு ஒட்டியிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகனுக்குக் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துவிட்டேன், மடையன்.

மைதானத்தில் தெயின் திணறிக்கொண்டிருந்தான். எதிர் டீம்காரர்கள் அவன் இடப்பக்கமாகவே புகுந்து புகுந்து போட்டார்கள். இரண்டு தடவை சொந்த டீம்காரன் வீசிய பந்தே அவன் காதில் வந்து அடித்தது. கூட்டம் சிரித்தது. பையன் முகம் சுண்டிப்போய் நின்றான். துரை தொப்பியைக் கழற்றிவிட்டு எங்கள் பெஞ்சை ஒரு பார்வை பார்த்தார்.

"யா அல்லா, என்ன ஆச்சு இந்தப் பிள்ளைக்கு?" என்று பாய் தலையில் கை வைத்தார்.

தங்கவேலு வடிவேல் பக்கம் திரும்பினான். "தம்பி, நீ அவன்கூட ஆடினவன். நீ சொல்லு, அவன்கிட்ட என்ன குறை?"

வடிவேல் மைதானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இடது கண்ணு தெரியாது மாமா."

"என்னது! அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்." கொஞ்சம் இருமினான். "எங்கப்பாவுக்கும் தெரியும். நான் அந்தப் பக்கமாப் பூந்து போனதைப் பாத்துத் தலையை ஆட்டினாரு."

பாய் என்னைப் பார்த்தார். தங்கவேலு பார்த்தான். கடைசியில் வடிவேலும் பார்த்தான்; இரண்டு மாதத்தில் அவன் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் மறுத்துச் சொல்வேனா என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். பின்னால் சுவர், முன்னால் கூட்டம்.

நான் வாயைத் திறக்கவில்லை. நான் பேசாவிட்டால் என்ன அர்த்தம் என்று அந்தப் பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.